சோழர் காலத்துக் கிராமம்: இரு கோயிற் சுவர்கள்

நமது நாட்டின் பழம்பெருமையைப் பேச எழுகின்றவர் எவரும் உத்தரமேரூரை மறப்பதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு ஊர்க்காரியங்களுக்கு உரியவரைத் தெரிந்தெடுத்த மக்கள் நாம் என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். முழக்கம் பொய்யன்று. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் அந்தச் சாசனம் இன்றும் இருக்கிறது. ஆயினும் அதனை முதலிலிருந்து கடைசி வரை படித்தவர் நம்மில் எத்தனை பேர்? அதே சோழநாட்டின் வேறொரு கோயிற் சுவரில், அதே சோழர் குலத்து அரசன் ஒருவனுடைய காலத்தில் வெட்டப்பட்ட மற்றொரு சாசனத்தைக் கேள்விப்பட்டவர்தாம் எத்தனை பேர்? முன்னோரை மெய்யாகவே அறிய விரும்புவோர் இரண்டு சுவர்களையும் படித்தல் வேண்டும்.

அரசர்கள் வென்ற நாடுகளின் பட்டியலை மெய்க்கீர்த்திகள் கூறும். அதனை இங்கே விட்டுவிடுவோம். மெய்க்கீர்த்தி முடிந்த பிறகு, ஊர்க் கணக்கன் சொல்லக் கல்தச்சன் வெட்டிய சாதாரண வரிகள் உள்ளனவே, அவற்றிலேதான் உழுதவனும் நெய்தவனும் ஆடு மேய்த்தவனும் தென்படுகிறார்கள். இத்தனை கலம் நெல், இத்தனை காசு, இத்தனை ஆடு என்னும் அவ்வரிகளே அக்காலத்து ஜனங்களின் உண்மைச் சரித்திரமாகும்.

முதற் சுவர்

உத்தரமேரூர்ச் சாசனங்கள் முதற் பராந்தக சோழனுடைய 12-ஆம், 14-ஆம் ஆட்சி ஆண்டுகளைச் சேர்ந்தவை, அதாவது கி. பி. 919, 921. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு ஒவ்வொன்றிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டி, குடத்தில் இடுவர். மகாசபையார் சிறுவர் பெரியவர் உட்படக் கூடியிருக்க, நம்பிமாரில் முதியவர் அக்குடத்தை எல்லோரும் காண உயர்த்திக் காட்டுவார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத பாலகன் ஒருவனே ஓலையை எடுத்தல் வேண்டும். அதனைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்துவைத்து மாற்றிவிட இடமிருத்தலாகாது என்பதே இதன் கருத்து. பின்னர் அவன் வாசிக்க, அங்குள்ள நம்பிமார் யாவரும் வாசிப்பர்.

இவ்விதம் தெரிந்தெடுக்கப்பட்ட முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியவராவர். பதவிக் காலம் 360 நாள். குற்றம் கண்டால் அப்பொழுதே நீக்கப்படுவர். முந்தின மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. இவையனைத்தினும் உயர்ந்த விதி ஒன்று உண்டு: வாரியம் செய்து கணக்குக் காட்டாது போனவன் மட்டுமன்றி, அவனுடைய உறவினர் பலரும் குடவோலைக்கு உரிமை இழப்பர். எந்தெந்த உறவினர் என்பதைக் கல்வெட்டு ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லுகிறது. பொதுப்பணத்தைக் கையாண்டவன் கணக்குச் சொல்லியே தீர வேண்டும் என்பதை இதனினும் கடுமையாக விதித்த ஊர்கள் உலகில் மிகச் சிலவே இருந்திருத்தல் கூடும்.

இது சோழநாட்டில் மாத்திரம் திடீரெனத் தோன்றிய ஏற்பாடும் அன்று. திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூரில், ஏறக்குறைய கி. பி. 800-ல், பாண்டியர் ஆட்சியின்கீழ் ஒரு சபை தன் விதிகளைக் கல்லில் பொறித்தது. கூட்டத்தில் எடுத்த காரியம் ஒவ்வொன்றுக்கும் "அன்று, அன்று" என்று சொல்லி முட்டுக்கட்டை இடுகிறவனுக்கு ஐந்து காசு தண்டம் என்பது அவ்விதிகளில் ஒன்று. அந்தத் தண்டம் இன்றும் நடைமுறையில் இருக்குமாயின் நமது சபைகளின் பொக்கிஷங்கள் நிரம்பி வழியும் என்பதில் ஐயமில்லை!

ஊரின் அன்றாட வாழ்வு

அந்தணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேயங்களில் சபை. வேளாண்மக்கள் வாழ்ந்த ஊர்களில் ஊர். வணிகர் வாழ்ந்த இடங்களில் நகரம். இவற்றின் மேல் நாடு. இவ்வாறு காரியங்கள் நடைபெற்றன. ஊருக்கு உயிர் நீரே. உத்தரமேரூருக்கு வயிரமேக தடாகம் என்னும் பேரேரி இருந்தது. பல்லவர் காலத்திலேயே அதன் பெயர் சாசனத்தில் வருகிறது. ஏரியைத் தூர்வாரிக் கரைகட்டுவதற்கென்று ஏரிப்பட்டி என்னும் நிலங்கள் விடப்பட்டன. ஏரியின் மீன்பாட்டத்தால் வந்த வருவாயும் அந்த ஏரிக்கே செலவாயிற்று. நீரின் பயன் நீருக்கே திரும்ப வேண்டுமென்னும் இந்தச் சிறு அறிவை இழந்த பின்னரன்றோ நமது ஏரிகள் மேடுதட்டிப் போயின!

வழிப்போக்கனையும் மறக்கவில்லை. செய்யாற்றுப் பக்கத்து உக்கலில், ராஜராஜனுடைய கடைசி ஆண்டுகளில், ராஜராஜப் பெருவழியின் ஓரத்தே ஒருவர் கிணறு தோண்டித் தொட்டி கட்டித் தண்ணீர்ப்பந்தலும் வைத்தார். நீர் இறைப்பவனுக்கும், வழிநடப்போர்க்கு நீர் வார்ப்பவனுக்கும் நெற்கூலி ஏற்படுத்தினார். தர்மம் செய்தவன் தன் பெயரைக் கல்லில் வெட்டிக்கொண்டதோடு நில்லாமல், தொண்டு செய்பவனுடைய கூலியையும் வெட்டி வைத்தான் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இடையனுடைய வாழ்வைக் காண்போம். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றை ஏற்ற இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று சாசனங்களில் பெயர். சாவதும் மூப்பதும் இல்லாத ஆடுகள்! உலகில் அப்படி ஆடு ஏது? செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியை வளர்த்து மந்தையின் தொகை குறையாமல் காக்கும் பொறுப்பு முழுவதும் இடையன் தலையில் விழுந்தது என்பதே பொருள். விளக்கின் பெயர் தர்மம் செய்தவருக்கு. மழை பொய்த்த ஆண்டின் கவலை ஆட்டுக்காரனுக்கு.

கல்வியும் மருத்துவமும் இருந்தன. ராஜேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி நடந்தது. இளைய மாணவர் 270 பேருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்வகுப்பினர் 70 பேருக்குக் குறுணி இரு நாழி. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திரன் காலத்தில், கி. பி. 1069-ல், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை இருந்தது. அதில் வைத்தியர் ஒருவர், அறுத்துச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், மருந்து காய்ச்சி நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர் இருந்தனர். இரவில் விளக்கெரிக்க எண்ணெய்க்கும் ஏற்பாடு உண்டு. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன.

வரிகளும் குறைவல்ல. நிலவரி ஒருபுறமிருக்க, தறிக்குத் தறியிறை; செக்குக்குச் செக்கிறை; குயவனுக்குக் குசக்காணம்; பொற்கொல்லனுக்குத் தட்டாரப்பாட்டம்; கள்ளிறக்குவோனுக்கு ஈழம்பூட்சி; துணி வெளுப்போன் கல்லுக்கு வண்ணாரப்பாறை; கலியாணம் செய்தால் கண்ணாலக்காணம். இவற்றின்மேல் வெட்டி என்னும் கூலியில்லா வேலையும் உண்டு. முதற் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்தான் என்பதற்காகவே அவனுக்குச் 'சுங்கந்தவிர்த்த சோழன்' என்று ஒரு பெயர் நிலைத்ததெனில், சுங்கத்தின் பாரம் எத்தகையது என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

குடத்தில் விழாத ஓலைகள்

இனி உத்தரமேரூர்ச் சுவருக்கே திரும்பி, மேடைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படாத வரிகளை வாசிப்போம். ஓலை எழுதப்பெறத் தகுதி யாது? இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் உடையவனாதல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு இருத்தல் வேண்டும். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குட்பட்டிருத்தல் வேண்டும். மந்திரப் பிராமணம் வல்லவனாதல் வேண்டும். ஒரு வேதமும் பாடியமும் ஓதி உணர்த்த வல்லவனாயின் அரைக்கால் வேலி நிலமும் போதும். அவ்வூர் ஒரு சதுர்வேதி மங்கலம். சபை, அந்தணரில் நிலமுடைய ஆடவர் சபை. பெண்களின் பெயர் குடத்தில் விழவில்லை. நிலத்தை உழுதவன் பெயரும் விழவில்லை. ஏரிக்கரைக்கு மண் சுமந்தவன் பெயரும் விழவில்லை.

விழாதவர்கள் எங்கே வாழ்ந்தார்கள்? இதற்கு விடை தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்களிலேயே கிடைக்கிறது. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் இறையிறா நிலம் இன்னின்னவென்று ராஜராஜனுடைய அதிகாரிகள் வரிசையாக எழுதினார்கள்: ஊர் நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், களம், கம்மாணச்சேரி, பறைச்சேரி. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே எழுதப்பட்டிருக்கிறது. சுடுகாடுங்கூட ஒன்றன்று, வெள்ளான் சுடுகாடு வேறு, பறைச் சுடுகாடு வேறு. ஒரு வேலி நிலத்தை மிக நுண்ணிய பின்னம் வரையில் பிரித்துக் கணக்கிட்ட அந்த அரிய அறிவு, மனிதரைப் பிரித்துச் செத்த பின்னும் சேரவிடாமல் எல்லை வகுப்பதற்கும் பயன்பட்டது.

கொங்கு நாட்டுச் சாசனம் ஒன்று கம்மாளர்க்கு அரசன் அளித்த உரிமைகளைக் கூறுகிறது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லுங்கால் பாதரட்சை அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். படிப்பதற்கு இனிமையான தயை! ஆனால் அதன் மறுபுறத்தைப் பாருங்கள். அரசன் திருமுகம் வருவதற்கு முன், அக்கோயில்களைக் கட்டுவதற்குரிய கலையைக் கையிற்கொண்ட மக்கள் காலில் செருப்பணியவும் தம் வீட்டுக்குச் சுண்ணம் பூசவும் உரிமையின்றி இருந்தனர் என்பதன்றோ அதன் கருத்து?

திருமுக்கூடல் ஆதுலர் சாலையும் ஊரார் யாவருக்கும் உரியதன்று. அங்குக் கற்ற மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், கோயிற் பணியாளர்க்கும் உரியது. சேரியில் நோயுற்றவனுக்கு அப்பதினைந்து படுக்கைகளில் இடமில்லை.

மற்றொரு சுவர்

நாம் தொடக்கத்திற் குறித்த இரண்டாவது சுவர் இன்றைய திருவாரூர் மாவட்டத்துத் திருப்பாம்புரத்தில் உள்ளது. மூன்றாங் குலோத்துங்கனுடைய 23-ஆம் ஆட்சி ஆண்டு, கி. பி. 1201. காலம் பொல்லாததாயிற்று. நெல் ஒரு காசுக்கு மூன்று நாழியாக விற்றது. வெள்ளாளர் ஒருவர், பசியால் மாண்டுபோகாமல் பிழைக்கும் பொருட்டு, தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். விலை 110 காசு.

அவ்வூர்க் கணக்கன் எழுதிய எண்களை நாமும் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். காசுக்கு மூன்று நாழியெனில், 110 காசுக்கு 330 நாழி நெல். எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரு குறுணி ஒரு கலம். ஆகவே மூன்று மனிதரின் விலை மூன்று கலம் ஐந்து குறுணி இரு நாழி. எண்ணாயிரத்தில் வேதம் ஓதிய சிறுவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல் அளந்தார்கள் அல்லவா? மூவர் உயிரை விற்றுக் கிடைத்த நெல், அச்சிறுவன் ஒருவனுக்கு 55 நாளைய படி! அளவைகள் ஊருக்கு ஊர் சிறிது வேறுபடலாம், உண்மை வேறுபடாது.

ராஜராஜன் காலத்தில் ஒரு காசுக்கு இரு கலம் நெல் கிடைத்தது. அதாவது 192 நாழி. இடையில் நாணயத்தின் தரமும் இழிந்தது, விளைவும் பொய்த்தது. இரண்டின் பாரமும் ஏழையின் வயிற்றில் இறங்கிற்று. விற்றுக்கொண்டவர் வெள்ளாளர் என்பதையும் மறத்தலாகாது. உழவுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற குலத்தினர்க்கே இக்கதியெனில், பறைச்சேரியில் வாழ்ந்தவனுடைய கதி யாதாயிருந்திருக்கும்? அவனை நிலத்தோடு சேர்த்து விற்ற ஓலைகளும், பொருள் கொடுத்து வாங்கிய ஆளாவணங்களும் தமிழ்நாட்டில் இல்லாமற் போகவில்லை.

கோயிலைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. அக்காலத்தில் கோயிலே ஊரின் களஞ்சியம், பொக்கிஷம், பள்ளி, மருத்துவ சாலை எல்லாம். தஞ்சைக் கோயிற் பணத்தை ஊர்ச்சபைகள் ஆட்டைவட்டம் காசுக்கு அரைக்கால் காசு வட்டிக்கு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், கடன் வாங்கின. வெள்ளம் வந்தபோதும் பஞ்சம் வந்தபோதும் கைநீட்ட ஜனங்களுக்கு வேறு இடமில்லை. கொடுக்கும் கை ஒன்றே வாங்கும் கையுமாயிருந்தபடியால், கடைசியில் விற்பதற்குத் தன்னுடலன்றி வேறொன்றில்லாதவன் அங்கேயே வந்து நின்றான். விற்பனையைச் சிறிதும் மறைக்காமல், ஒரு நந்தா விளக்கின் நிவந்தத்தைப் பொறிப்பது போன்றே பொறித்து வைத்தார்களே, அதுதான் நம் உள்ளத்தை உறுத்துகிறது. அஃது அக்கால மக்களுக்கு அதிசயமாகத் தோன்றவில்லை.

நமக்குரிய பாடம்

இரண்டு சுவர்களையும் படித்தோம். இவற்றுள் ஒன்றை மாத்திரம் ஏந்திக்கொண்டு, பண்டைக் கிராமம் பொன்னுலகம் என்று கூறுவாரும் உளர். மற்றொன்றை மாத்திரம் காட்டி, அங்கே கொடுமையன்றி வேறொன்றுமில்லை என்று கூறுவாரும் உளர். இருதிறத்தாரும் பாதிச் சுவரையே படித்தவர்கள். பாதிச் சுவரைப் படித்துக் கொள்ளும் பெருமை நில்லாது. பாதிச் சுவரைப் படித்துக் கொள்ளும் வெறுப்பும் நில்லாது. குடத்தை எல்லோரும் காண உயர்த்திக் காட்டிய நேர்மை நம்முடையது. அக்குடத்தில் எல்லோர் ஓலையும் விழவிடாத குறுகிய நெஞ்சும் நம்முடையதே. முன்னோர் சொத்தை ஏற்கின்ற மகன் அவர்கள் பட்ட கடனையும் ஏற்க வேண்டுமென்பதை நம் ஊர் வழக்கம் நன்கறியும்.

அந்தக் கடனை அடைக்க நெடுங்காலம் சென்றது. அடிமை முறையைச் சட்டம் கைவிட்டது 1843-ல். திருப்பாம்புரத்து விற்பனைக்கு 642 ஆண்டுகளுக்குப் பின்னர். தீண்டாமையை ஒழித்த அரசியல் சாசனம் 1950-ல் நடைமுறைக்கு வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. ஊராட்சிகளில் பட்டியல் வகுப்பினர்க்கு அவர்கள் தொகைக்கேற்பவும், பெண்களுக்கு மூன்றிலொன்றுக்குக் குறையாமலும் இடம் ஒதுக்கிய 73-ஆவது திருத்தம் 1992-ல் நிறைவேறி 1993-ல் அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2016-ல் பெண்களுக்குரிய இடம் பாதியாக உயர்த்தப்பட்டது. கி. பி. 921-ல் ஓலை மறுக்கப்பட்டோர் குடத்துக்குள் தம் பெயரைக் காண ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் காத்திருந்தனர்.

குடத்தில் பெயர் விழுந்துவிட்டது. ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. தலைவியாகத் தெரிந்தெடுக்கப்பட்ட பெண்ணின் பெயரால் வீட்டு ஆடவர் கையெழுத்திடும் ஊர்கள் உள்ளன. சேரியிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட தலைவர் நாற்காலியில் அமர்வதைப் பொறாத ஊர்களும் உள்ளன. தனிச் சுடுகாடுகளோ, ராஜராஜன் காலத்துக் கணக்கன் இன்று வந்தாலும் தன் பட்டியலைத் திருத்த வேண்டாதபடி, பல ஊர்களில் அப்படியே இருக்கின்றன. மறுபுறத்தில், கணக்குக் காட்டாதவனை உறவோடு விலக்கிய அந்த உறுதியையும் நாம் நழுவவிட்டோம். கிராம சபை கூடுகிறது. வரவு செலவு வாசிக்கப்படுகிறது. கேட்பார் சிலர், கேள்வி கேட்பார் அவரினும் சிலர்.

ஆகவே, நமது கிராமங்களுக்கு வேண்டுவன இரண்டு. பராந்தகன் காலத்து மகாசபையார் கணக்கில் காட்டிய கண்டிப்பு ஒன்று. அவர்கள் காட்டத் தவறிய நெஞ்சகலம் மற்றொன்று. அடுத்த முறை உத்தரமேரூருக்குச் செல்லும் நேயர்கள் அச்சுவரைக் கண்டு பெருமிதம் கொள்வார்களாக, அது தகும். திரும்பி வந்து தம் ஊர் கிராம சபையில், இதுவரை பின்வரிசையிலும் நில்லாதவர்களை அழைத்து முன்வரிசையில் அமர்த்தி, இவ்வாண்டின் கணக்கை உரக்க வாசிக்கச் செய்வார்களாயின், அது அதனினும் மிகத் தகும்.